பாறையில் ஏறிய பெயர்

எங்கள் தீவில் பெயர் வாங்குவது சுலபம். எங்காவது விழுந்து தொலைத்தால் போதும். தையற்காரன் சறுக்கிய மேடு, பசு மூழ்கிய சேறு என்று எல்லாமே அப்படி வந்தவைதான். விரிகுடா வாயிலில் இருப்பது முன்பு போதகர் பாறை. படகு தட்டி மாட்டிக்கொண்ட போதகர் ஒருவர், மீட்க ஆள் வரும்வரை கடல்நாய்களுக்குப் பிரசங்கம் செய்தாராம். பாதியில் ஒன்றுகூட எழுந்து போகவில்லை என்று பெருமை வேறு.

போன குளிர்காலத்தில் ஈவரின் படகு அங்கே உடைந்தது. பலகைகள் கரைக்கு வந்தன. ஈவர் வரவில்லை. சிங்கி இறால் பிடிக்கிற நாங்கள் அதை ஈவர் பாறை என்று சொல்லத் தொடங்கினோம், யாரும் தீர்மானித்ததல்ல. கடையில் அந்தப் பெயர் காதில் விழுந்தால் அவன் மனைவி ஓய்ரிக் கையிலிருந்த மாவுப் பையை அப்படியே வைத்துவிட்டு வெளியேறிவிடுவாள். ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "நான் இன்னும் மனுஷனத் தேடிக்கிட்டிருக்கேன். நீங்க கல்லாக்கிட்டீங்க, டோர்க்கில்."

பெயர் கடைசியாக மாட்டிக்கொண்டவனுக்குத்தானே? அப்படியானால் நான் போய் மாட்டிக்கொண்டால் ஈவரின் பெயர் போய்விடும். என் மூளை எப்போதாவது இப்படி வேலை செய்யும்.

காற்றில்லாத ஒரு காலையில், நீர் வற்றும் நேரம் பார்த்து, என் படகைப் பாறைமேல் மெல்ல ஏற்றினேன். தேநீர் குடித்தபடி சாவகாசமாக மீட்கப்படுவதாகத் திட்டம். பாசியில் கால் வைத்ததும் நானும் திட்டமும் தண்ணீருக்குள் போனோம். எங்களோடு இறால் பிடிக்கும் ஆலிக் தன் படகில் வந்து, கொக்கியால் என் இடுப்பு வாரைப் பிடித்துத் தூக்கினான். "நீ பொறந்ததுலேருந்து இந்தப் பாறை இங்கதான்டா இருக்கு. யாரும் உங்கிட்ட சொல்லலியா?" என்றவன், வானொலியில் எல்லாப் படகுகளுக்கும் 'டோர்க்கில் பாறை'யை அறிவித்துவிட்டு, பக்கத்திலிருந்த வீட்டில் என்னை இறக்கினான்.

அது ஓய்ரிக்கின் வீடு. படகு வானொலியை அவள் அணைப்பதே இல்லை.

"கண்ணாடி மாதிரி கெடக்கு கடல். இதுல எவனாவது பாறையில ஏத்துவானா?"

"நான் ஏத்துவேன்," என்றேன். பல் தந்தியடித்ததால் அது வீரமாக ஒலிக்கவில்லை.

'டோர்க்கில் பாறை' என்று சிரித்துக்கொண்டிருந்த வானொலியின் சத்தத்தைக் குறைத்தாள். பிறகு, ஈவர் வந்தால் மாற்றிக்கொள்ள என்று கணப்பருகே மடித்து வைத்திருந்த கம்பளிச் சட்டையையும் கால்சட்டையையும் எடுத்து என் மடியில் வைத்தாள்.

"நீளமா இருக்கும். மடிச்சு விட்டுக்கோ."

துவைத்துத் தருகிறேன் என்றேன்.

"வேணாம். போட அவரு வரமாட்டாரு." அடுப்பில் கெண்டியை வைத்தாள். "அந்தப் பாறைக்கு அவரு பேரே இருக்கட்டும்."

ஊரிடம் சொல்லிப் பார்த்தேன். கேட்பார்களா? வாய்க்கு ருசியான பெயர் கிடைத்துவிட்டது. இன்றைக்கு அதை ஈவர் பாறை என்பது அவளும் நானும் மட்டும்தான்.