கருத்தப்பாண்டியின் செருப்பு

சங்கரன்கோவிலுக்கு மேற்கே கண்மாய் வற்றிவிட்டால், மான்கள் தண்ணீர் தேடி வீட்டுப் புறவாசலுக்கே வந்துவிடும். கருத்தப்பாண்டி ஊரில் இருந்தவரை, பொழுது சாய்ந்ததும் கல்தொட்டியில் தண்ணீர் ஊற்றுவான். நடக்கும்போது அவனுடைய தோல்செருப்பு கிரீச் கிரீச் என்று கத்தும். அந்தச் சத்தத்துக்கு உடைமரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்மான் தலை நீட்டும்.

உலக யுத்தம் முடிந்த மறுவருஷம் அவன் கொழும்புக்குப் பிழைக்கப் போனான். கிளம்பும்போது புதுச்செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டான். பழையது புறவாசலில் கிடந்தது. பெண்டாட்டி பூலம்மாளும் அதே தொட்டியில்தான் தண்ணீர் ஊற்றினாள். மான் கிட்டவே வரவில்லை.

"ஏட்டி, நான் ஊத்துனா மட்டும் கசக்கோ? அவுகதான் வேணுமோ ஒனக்கு? எனக்குந்தான் வேணும்!" என்று உடைமரத்தைப் பார்த்து ஏசினாள்.

ஒருநாள் சாயங்காலம், யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, அந்தச் செருப்பைக் காலில் மாட்டினாள். பிறந்ததிலிருந்து செருப்பே அறியாத கால். கழன்றுவிடாமல் விரலை இறுக்கி, இழுத்து இழுத்து நடந்தாள்.

கிரீச், கிரீச்.

மான் வந்தது. தொட்டியில் வாய் வைத்தது. கை நீட்டினால் காதைத் தொட்டுவிடலாம். பூலம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்குள் கட்டில் முனகியது. கண் தெரியாத மாமியார் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஏலே பாண்டி! வந்துட்டியா மக்கா?"

மான் துள்ளி ஓடிவிட்டது. பூலம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள். ஒரு எட்டு எடுத்து வைத்தாலும், உள்ளே அது அவன் நடந்து வருகிற சத்தமாகத்தான் கேட்கும்.