சாம்பல் மேடு

மிக்கேல்ராஜ் மேஸ்திரி தகர டப்பாவில் சுண்ணாம்புத் தூளை அள்ளி, கயிறு கட்டிய வழியெல்லாம் தூவிக்கொண்டு போனபோது, திண்டுக்கல் ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருந்தவர்களில் பாதிப்பேர் அவர் பின்னாலேயே போனார்கள். வண்டி தாமதமானால் நம் ஜனங்களுக்குப் பார்க்க ஏதாவது வேண்டும். ஸ்டேஷனைப் புதுசாகக் கட்டப் போகிறார்கள். ஓட்டுக் கொட்டகை போய் காங்கிரீட் கூரை வரும், பிளாட்பாரம் உயரும், நீளும். அதோடு ஊர்ப்பக்கத்துப் பிளாட்பாரத்திலிருந்து பழனி வண்டி நிற்கும் பிளாட்பாரத்துக்குத் தண்டவாளங்களுக்கு அடியிலேயே ஒரு வழி வெட்டப் போகிறார்கள். தைப்பூசத்துக்குக் காவடியும் சொம்புமாகக் கூட்டம் தண்டவாளத்தில் இறங்கி ஏறி டிரைவர்களின் உயிரை வாங்கியது போதும் என்று மேலதிகாரிகள் முடிவெடுத்துவிட்டார்கள்.

"சாகுறதுக்கு முன்னாடியே மண்ணுக்குள்ள எறங்கி நடக்கச் சொல்றாங்கெ" என்று வெற்றிலைக் கூடைக்காரர் ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

கேங்மேன் கருப்பணன் சிரிக்கவில்லை. தோளில் கடப்பாரையோடு நின்று, அந்த வெள்ளைக் கோடு எங்கே போய் முடிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். கோடு தண்டவாளங்களைத் தாண்டி, கூட்ஸ் ஷெட்டின் பின்பக்கம் போய், இஞ்சின்கள் வருஷக்கணக்காகச் சாம்பல் தட்டி மேடாகிப்போன இடத்தில் மடங்கியது. படிக்கட்டு அங்கேதான் இறங்கும் என்றார் மேஸ்திரி. கருப்பணன் கடப்பாரையைத் தோளிலிருந்து இறக்கினான்.

அன்று மத்தியானம் அவன் சாப்பிடவில்லை. கத்தரிக்காய் வெஞ்சனத்தைத் தட்டோடு தள்ளிவைத்துவிட்டான். அவன் மனைவி ஒச்சாயிக்கோ கால் தரையில் பாவவில்லை. சுரங்கப்பாதை வேலைக்கு மண் சுமக்கப் பெண்கள் தேவை என்று தெரிந்ததும், ரயில்வே லைன் வீடுகளிலிருந்து முதல் ஆளாகப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். வீட்டில் பேச ஆளில்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதற்கு நாலு பேரோடு மண் சுமப்பது எவ்வளவோ மேல் என்பது அவள் கட்சி.

"கேங்மேன் பொண்டாட்டி மண்ணு செமந்தான்னு நாலு பேரு பேசணுமா?"

"பேசுனா பேசட்டும். நீ மட்டும் என்ன, கலெக்டர் வேலையா பாக்குற? நீயும் சல்லிதான இழுக்குற."

"வேணாம்ங்குறேன்ல."

"ஏய்யா, ஒனக்கு என்ன கோட்டி? கோடு போட்டதை நானும்தான் போயிப் பாத்தேன். நம்ம வேப்பமரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அதை எண்ணிப் பயப்படாத."

கருப்பணன் எழுந்து போய்விட்டான். அதற்கு மேல் அவனால் அங்கே உட்கார முடியவில்லை.

பல் முளைக்காத பிள்ளை இறந்தால் எரிப்பதில்லை, புதைப்பார்கள். தகப்பனோ தாய்மாமனோ தூக்கிக்கொண்டு போவார்கள். தாய் போகக் கூடாது, இடமும் அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அவள் போய் நிற்பாள், அவள் நின்றால் பிள்ளை போக மனமில்லாமல் அங்கேயே சுற்றும், அடுத்த பிள்ளை தங்காது என்பார்கள். ஒச்சாயியின் மகள் மூன்று மாதத்துக் குழந்தையாக ஒரு ஐப்பசி அடைமழையில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தாள். பேர்கூட வைக்கவில்லை, பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். அதன் பிறகு அந்த வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அடுத்த பிள்ளைதான் இல்லையே, இனி யாருக்காக மறைக்கிறாய் என்று ஒச்சாயி அவனைப் பிடித்து உலுக்கி, சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்த பிறகுதான் கருப்பணன் வாயைத் திறந்தான். லைன் வீடுகளுக்குத் தெற்கே, வேலியோரம் நிற்கும் வேப்பமரத்தைக் காட்டினான். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஒச்சாயி அங்கே ஒரு கொட்டாங்கச்சியில் பால் வைப்பாள். செத்த நேரம் உட்கார்ந்து பேசிவிட்டும் வருவாள். என்ன பேசுவாளோ, வரும்போது முகம் தெளிந்திருக்கும்.

அவன் காட்டியது பொய். பாப்பா செத்த அன்று ஊரெல்லாம் வெள்ளம். மயானத்துக்குப் போகும் வழியிலுள்ள ஓடையில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர். வெட்டலாம் என்றால் ரயில்வே நிலம் பூராவும் பாறையும் சுக்காங்கல்லும். மழைக்காலத்தில் கேங்மேன் லைனை விட்டு அசையக் கூடாது, மண்ணரிப்புப் பார்க்க மணிக்கொரு தரம் நடந்தாக வேண்டும். ஒச்சாயியின் பழைய சேலையில் சுற்றிய பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு, கருப்பணன் ஒற்றை ஆளாக ஸ்டேஷனைச் சுற்றிச் சுற்றி வந்தான். மண்வெட்டி இறங்கியது ஒரே இடத்தில்தான், கூட்ஸ் ஷெட்டின் பின்னால் இருந்த சாம்பலில். அங்கே வைத்துவிட்டான்.

பெற்ற மகளை இஞ்சின் சாம்பலில், குப்பையில் போட்டேன் என்று எந்த வாயால் பெண்டாட்டியிடம் சொல்வது? அதற்காகத்தான் வேப்பமரத்தைக் காட்டினான். நிழலான இடம், பறவை வந்து உட்காரும் இடம். மகளை அங்கே வைத்திருக்க வேண்டும் என்று அவனுக்கே ஆசையாக இருந்தது. நாளாக ஆக, ஒச்சாயி பால் வைத்துவிட்டு வரும்போது, பாப்பா மெய்யாகவே அங்கேதான் இருக்கிறாள் என்று அவனும் பாதி நம்பத் தொடங்கியிருந்தான்.

இப்போது மேஸ்திரியின் கோடு வந்துவிட்டது. அவளுக்குத் தெரியாமல் பாப்பாவை எடுத்து வேப்பமரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிட்டால், சொன்ன பொய்யும் மெய்யாகிவிடும் என்று கணக்குப் போட்டான். மண்வெட்டியோடு இரண்டு முறை போகவும் செய்தான். ஆனால் அவன் புதைத்தபோது முழங்கால் அளவு இருந்த சாம்பல் இப்போது தலைக்கு மேல் நின்றது. ஷெட்டுப் பக்கத்து மூலை என்று தெரியுமே தவிர, சரியாக எந்த இடம் என்று பிடிபடவில்லை. முதல் வெட்டே பிள்ளையின் மேலே விழுந்துவிடுமோ என்று ஓங்கிய மண்வெட்டியைக் கீழே இறக்கினான். புதைத்தவனே தோண்டியெடுப்பதும் பாவமில்லையா என்று ஒரு எண்ணம் வேறு. இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டான்.

"மேஸ்திரி, சாம்பல் மேட்டுல எப்ப கை வைப்பீக?"

"அதுக்கென்னண்ணே இப்ப அவசரம்? மொதல்ல ஊர்ப்பக்கம் வெட்டணும். அந்தப் பக்கம் வர ஆடிக்கு மேல ஆகும்" என்றார் மிக்கேல்ராஜ். கருப்பணன் அதை நம்பி ஆறுதலாக இருந்தான்.

மேஸ்திரி பொய் சொல்லவில்லை. ஊர்ப்பக்கம் வெட்டும்போது பாறை குறுக்கிட்டுவிட்டது. வெடி வைக்கச் சர்க்கார் அனுமதி வரும்வரை ஆட்களைச் சும்மா உட்கார வைக்க எந்த மேஸ்திரிக்கும் மனம் வராது. நீட்டிய பிளாட்பாரத்துக்கு மேலே விரிக்கச் சாம்பல்தான் நல்லது, தண்ணீர் தேங்காது என்று இஞ்சினியரும் சொல்லியிருந்தார். பாறை தட்டிய மறுநாள் விடிந்ததும் மேஸ்திரி மொத்த ஆட்களையும் சாம்பல் மேட்டில் இறக்கிவிட்டார். அன்றைக்கென்று கருப்பணனின் கேங் வடமதுரைப் பக்கம் தண்டவாளக் கட்டை மாற்றப் போயிருந்தது.

உச்சிவெயில் நேரத்தில் டிராலியில் திரும்பியவன் தூரத்திலேயே பார்த்துவிட்டான். மேடு இருந்த இடத்தில் மேடு இல்லை. இடுப்பளவுக்கு மேல் எல்லாவற்றையும் வாரிவிட்டு, கீழே கிடப்பதையும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். டிராலி நிற்கும் முன்பே குதித்து ஓடினான். பின்னால் யாரோ கூப்பிட்டது காதில் விழவில்லை.

"மேஸ்திரி, இந்த மூலையை என்கிட்ட விடுங்க. செத்த நேரம் நான் வெட்டுறேன்."

"ஒனக்கு எதுக்குண்ணே இந்த வேலை? ரயில்வே ஆளு நீ, யாராச்சும் பாத்தா எனக்குத்தான் பேச்சு."

கருப்பணன் மேட்டில் இறங்கினான். ஒருவனிடமிருந்து மண்வெட்டியைப் பிடுங்கி இரண்டு வெட்டு வெட்டினான். பிறகு அதைத் தூரப் போட்டுவிட்டு, மண்டியிட்டுக் கையால் வாரத் தொடங்கினான். சேலைத் துணி நூல் ஏதாவது தட்டுப்படுமா என்று ஒவ்வொரு பிடியையும் விரலால் துழாவினான். மூன்று மாதத்துப் பிள்ளையின் எலும்பு சாம்பலில் எத்தனை வருஷம் தாங்கும் என்று அவனுக்குத் தெரியாது. மிக்கேல்ராஜுக்கு ஏதோ பிடிபட்டிருக்க வேண்டும். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, வெட்டுகிறவர்களை நிறுத்தச் சொன்னார்.

காலிக் கூடையோடு வந்த ஒச்சாயி முதலில் சிரிக்கத்தான் போனாள். கேலிக்கு வாய் வரைக்கும் ஏதோ வந்துவிட்டது. கிட்டே வந்து அவன் முகத்தைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்தாள்.

"என்னத்தைத் தேடுற?"

அவன் துழாவிக்கொண்டே இருந்தான்.

"ஏய்யா, ஒன்னியத்தான் கேக்குறேன். என்னத்தைத் தேடுற?"

"பாப்பாவை."

ஒச்சாயிக்கு விளங்கவில்லை. தெற்கே வேப்பமரம் இருக்கும் திசையைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள்.

"அப்ப அங்கன?"

"அங்கன ஒண்ணுமில்ல, ஒச்சாயி." கருப்பணன் நிமிராமல் சொன்னான். "அன்னைக்கு எங்கயும் மண்ணு எறங்கல. இங்கனதான் எறங்குச்சு. ஒன்கிட்டச் சொல்ல மனசு வரல."

அவள் அழவில்லை. அவனை அடிக்கவும் இல்லை. கை நிறையச் சாம்பலோடு மண்டியிட்டிருக்கிற மனிதனைப் பார்க்க அவளுக்கு ஆத்திரத்தோடு பரிதாபமும் வந்தது. பரிதாபம் வந்ததற்காக இன்னும் ஆத்திரம் வந்தது. இத்தனை வெள்ளிக்கிழமை யாரிடம் பேசினேன் என்று நினைத்தபோது தலை கிறுகிறுத்தது. கூட மண் சுமந்த ஜக்கம்மாள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, உக்காரு. செத்த உக்காரு."

"காலையில இருந்து இந்த மூலையைச் செமந்தது யாருன்னு தெரியுமா ஒனக்கு?" ஒச்சாயி புருஷனிடம்தான் கேட்டாள். குரல் மிகவும் மெதுவாக இருந்தது. "நாந்தேன். இந்தப் பக்கம் நெழலா இருக்குன்னு நானா கேட்டு நின்னேன். அம்புட்டையும் நாந்தேன் கொண்டுபோய்க் கொட்டுனேன்."

கருப்பணனின் கை நின்றுவிட்டது. அவன் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தான். பிறகு, என்ன செய்வது என்று தெரியாமல், கையிலிருந்த சாம்பலை எடுத்த இடத்திலேயே வைத்தான்.

ஒச்சாயி கூடையை எடுக்காமல் நடந்தாள். தண்டவாளங்களைத் தாண்டி, ஏணிப்பலகையில் புதுப் பிளாட்பாரத்தின் ஓரம் வரை ஏறினாள். காலையிலிருந்து கூடையோடு எத்தனை முறை ஏறி இறங்கிய பலகை அது. ஒவ்வொரு முறையும் கூடையைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியதை இரண்டு தட்டுத் தட்டி உதறி, கொட்டியதைக் காலாலேயே பரப்பிவிட்டு வந்திருந்தாள். எங்கே கொட்டினாள்? இந்தக் கோடியிலா, நடுவிலா? தெரியவில்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒரே சாம்பல், ஒரே மட்டம், மேலே தண்ணீர் தெளித்துக் கறுத்துக் கிடந்தது. மார்பில் பால் கட்டி வலித்த அந்தப் பழைய வலி இத்தனை வருஷம் கழித்து அவளுக்குத் திரும்பி வந்தது. பலகையின் விளிம்பில் நின்றவளுக்கு அடுத்த அடியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பின்னால் திரும்பவும் முடியவில்லை. கடைசியில் ஒரு காலை வைத்தாள், பிறகு மற்றதை. அதற்கு மேல் அசையவில்லை.

எதிரே பெண்கள் இரண்டு இரண்டு பேராகத் திமிசுக் கட்டையைத் தூக்கித் தூக்கிப் போட்டு, விரித்த சாம்பலைக் கெட்டிப்படுத்திக்கொண்டு வந்தார்கள். ஒரே சமயத்தில் தூக்கினார்கள், ஒரே சமயத்தில் விட்டார்கள். ஒவ்வொரு குத்துக்கும் பிளாட்பாரம் அதிர்வது ஒச்சாயியின் பாதத்தில் தெரிந்தது. ஒவ்வொரு குத்துக்கும் அவள் கண்ணை மூடித் திறந்தாள். அவர்கள் ஒரு வரிசையாக, சிரித்துப் பேசிக்கொண்டே, கிட்டே கிட்டே வந்தார்கள்.

"தள்ளிக்க, ஒச்சாயி" என்றாள் முன்னால் வந்தவள்.

ஒச்சாயி விலகவில்லை. அவள் கடந்துபோகத்தான் நிற்கிறாள் என்று நினைத்து, தூக்கிய திமிசுகளைப் போடாமல் வரிசை மொத்தமும் நின்றது. கனம் தாங்காமல் அவர்கள் கைகள் நடுங்கின. ஆனாலும் அவள் நகரட்டும் என்று, கட்டைகளைத் தரைக்கு மேலே பிடித்தபடியே காத்திருந்தார்கள்.