ஒன்று விட்டு ஒன்று

உத்தமன் போன் செய்தபோது என் வாயில் கேக் இருந்தது. பிரேசர் டவுனில் எங்கள் அலுவலகம். எந்தக் கூரைக்கு எந்த ஷீட், எந்த ஸ்க்ரூ, எவ்வளவு இடைவெளிக்கு ஒன்று என்று தாளில் எழுதித் தருகிறவர்கள் நாங்கள், அந்தத் தாளை ஸ்பெக் என்பார்கள். காற்றுச் சுமைக்கான விதிகளை அரசு திருத்தியதும், எங்களிடமிருந்த நாற்பத்தொரு கூரை ஸ்பெக்குகளையும் ஜனவரியில் புது விதிக்கு மாற்றினோம். மாற்றியவள் நான். மே மாதம் ஆடிட்டர் வந்து பார்த்து, எல்லாம் சரி என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குத்தான் கேக். முதல் துண்டை மேலாளர் கேசவ் சார் எனக்கே கொடுத்தார்.

"மேடம், சந்தாபுரா ஸ்கூல் சைட்லேர்ந்து பேசறேன். ஷீட்டு ஏத்திட்டிருக்கோம். உங்க பேப்பர்ல, ஷீட்டு நெளிவுல ஒண்ணு விட்டு ஒரு மேட்டுல ஸ்க்ரூ அடின்னு கீது. ஓரத்துலயும் அப்டியேவா?"

"ஸ்பெக்ல இருக்கிறபடியே அடிங்க உத்தமன்."

"அதுக்கில்ல மேடம். போன வாரம் வேற ஆபீஸு சைட்டுல, புது ரூலாம், ஓரத்துல எல்லா மேட்டுலயும் அடிக்கணும்னாங்க. அதான் கேட்டுக்கலாம்னு."

"நம்மளுதும் புது ரூல்தான்" என்று சொல்லி வைத்துவிட்டேன். உத்தமன் ஸ்ரீராம்புரத்துக்காரர், இருபது வருடமாகக் கூரை ஏற்றுகிறவர். சும்மா கேட்கிற ஆள் இல்லை. கேக்கை விழுங்கினேன்.

இருக்கைக்குப் போய் ஃபைலைத் திறந்தேன். முதல் பக்கத்தில் புது விதியின் ஆண்டு. ஏழாம் பக்கத்தில் புது ஆண்டு. இணைப்பிலும் புது ஆண்டு. ஸ்க்ரூ அட்டவணை மட்டும் பழையது. எப்படி நடந்தது என்று யோசிக்கவே தேவையிருக்கவில்லை. ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, பழைய ஆண்டைத் தேடு, புது ஆண்டைப் போடு என்று கம்ப்யூட்டரிடம் சொல்லி ஒரே பொத்தானை அழுத்தினேன். நாற்பத்தொரு ஃபைலிலும் ஆண்டு மாறியது. அட்டவணைகளைத் திங்கட்கிழமை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அந்தத் திங்கட்கிழமை வரவே இல்லை. ஆடிட்டரும் ஆண்டைத்தான் பார்த்திருக்கிறார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நான் ஏட்டிலேயே சுரைக்காயைத் தப்பாக எழுதி வைத்திருந்தேன்.

பழைய ஆண்டையே விட்டிருந்தால்கூடத் தேவலை. பார்க்கிறவனுக்குச் சந்தேகமாவது வந்திருக்கும்.

அட்டவணை பழையது என்று கேசவ் சாரிடம் போய்ச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"பழைய ரூல்ல போட்ட கூரையெல்லாம் நின்னுட்டுத்தானே இருக்கு மைதிலி? அடுத்த மாசம் ரிவிஷன்னு சொல்லி அமைதியா மாத்திடலாம்."

"ஸ்கூல் அடுத்த மாசம் திறக்குது சார். அது பிள்ளைங்க பிரேயருக்கு நிக்கிற ஹாலு."

"இதுக்கு மட்டும் திருத்தி மெயில் போட்டா மத்ததைக் கேக்க மாட்டாங்களா? ஜனவரிக்கப்புறம் ஆறு கூரை ஏத்தியாச்சு. தயாரித்தவர்னு கீழ யார் பேர் இருக்கு, அதையும் ஒரு தரம் பாத்துக்கோங்க."

பார்த்தேன். ஆறிலும் என் பேர்தான். எழுத்துப் பிழைகூட இல்லை.

பயமாக இருந்தது. உட்கார முடியவில்லை. தண்ணீர் பிடிக்க மூன்று முறை எழுந்துபோய், மூன்று முறையும் பாட்டிலை நிரப்பாமல் திரும்பினேன். ஜன்னலுக்கு வெளியே கிளை அசைந்தால் காற்றா என்று பார்த்தேன். மே மாதத்து பெங்களூருக்குத் தெரியாதா, மத்தியானம் வெயில் காய்ந்தால் சாயங்காலம் காற்றும் மழையும்தான். தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பி, மெட்ரோவில் பொம்மசந்திரா போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்தேன். வழியில் தெரிந்த ஒவ்வொரு தகரக் கூரையிலும் ஸ்க்ரூவை எண்ணப் பார்த்தேன். ஓடுகிற ஆட்டோவிலிருந்து எங்கே எண்ணுவது. கே.ஜி.எஃப்-பில், நான் வளர்ந்த சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டிலும் தகரம்தான். பறக்காமலிருக்க மேலே கல் வைத்திருப்போம். எத்தனை கல் என்று எந்த விதியும் சொன்னதில்லை, ஆனால் அந்த லைன் முழுக்க எல்லா வீட்டிலும் ஓரத்தில்தான் கல் இருந்தது. எட்டு வருடமாக ஸ்பெக் எழுதுகிறவளுக்கு அது ஆட்டோவில் வைத்துத்தான் நினைவுக்கு வந்தது.

உத்தமன் என்னை எதிர்பார்க்கவில்லை. சாரம் வழியாக ஏற எனக்குக் கை கொடுத்தார். கூரை முக்கால்வாசி முடிந்திருந்தது. மேற்கே மேகம் கறுத்திருந்தது.

"ஓரத்துலயும் மூலையிலயும் எல்லா மேட்டுலயும் அடிச்சிடுங்க" என்றேன்.

"அப்போ பேப்பரு?"

"பேப்பரை விடுங்க."

"வாயால சொன்னா ஆவாது மேடம். ஸ்க்ரூ டபுளா போவும், காண்ட்ராக்டரு என்னத்தான் கேப்பாரு. எழுதிக் குடுங்க."

கைப்பையில் தாள் இல்லை. உத்தமன் இடுப்பிலிருந்து மார்க்கரை எடுத்து நீட்டி, வெட்டி மிஞ்சிக் கிடந்த ஷீட் துண்டு ஒன்றை என் முன்னால் போட்டார். மூடியைப் பல்லால் கழற்றிக் குந்தி உட்கார்ந்தேன். ஓரங்களிலும் மூலைகளிலும் எல்லா மேட்டிலும் ஸ்க்ரூ, என்று எழுதினேன். காரணம் எழுத வேண்டுமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு, 'ஸ்பெக்கில் தவறு' என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டேன். காலையிலிருந்து அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை. உத்தமன் அதைப் போனில் படம் பிடித்து, யாருக்கோ அனுப்பினார். அவ்வளவுதான், போய்விட்டது.

ட்ரில்லை எடுத்து, விட்டுப்போன மேடுகளில் அடிக்க ஆரம்பித்தார். நாலு அடித்திருப்பார். நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"மேடம், மார்ச்சுல அத்திப்பள்ளில லேடீஸ் ஹாஸ்டல் ஒண்ணு ஏத்தினோமே. அதுவும் உங்க பேப்பர்தான். அதுல ஓரத்துலயும் ஒண்ணு விட்டு ஒண்ணுதான் அடிச்சோம்."

காற்று வந்தது. இன்னும் அடிக்காத கடைசி ஷீட்டின் மூலை இரண்டு விரல்கடை எழும்பி, டப்பென்று விழுந்தது. மறுபடி எழும்பியது. உத்தமன் அதன்மேல் காலை வைத்து மிதித்துக்கொண்டு, கையில் அடுத்த ஸ்க்ரூவோடு, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். என் கையில் மார்க்கர் திறந்தே இருந்தது. அதன் மூடி இன்னும் என் பல்லிடுக்கில் இருந்தது.