பின் சீட்டில் உட்காராதவன்

காது மந்தமானவர்களுக்குக் கருவி பொருத்துவது என் தொழில். "வெளியே தெரிந்தால்தான் என்ன? காது கேட்பதுதானே முக்கியம்" என்று பகல் முழுவதும் கிழவர்களுக்குப் புத்தி சொல்வேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், என் கார் வெளியிலிருந்து பார்க்க எப்படி இருக்கிறது என்று வாசலில் நின்று கவலைப்படுவேன். என் லட்சணம் இதுதான்.

பெயர் கெரிட் வியர்ஸ்மா. மிச்சிகனின் மேற்குக் கரையில், ஸீலண்ட் என்ற ஊரில் வீடு. கார், சாம்பல் நிறத்தில் ஒரு மின்சாரக் கார். அதன் மேல் சொல்ல ஒரு குறையும் இல்லை. சத்தம் கிடையாது. ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் சிகாகோ போய், திரும்பி வருகிற வழியில் பாதிக்கு மேல் வந்துவிடலாம். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் எங்கள் பாஸ்டர் அதைத் தட்டிக்கொடுத்து, "நல்ல அடக்கமான கார், கெரிட்" என்றார். நாற்பத்தொன்பது வயதுக்காரனிடம் சொல்கிற வார்த்தையா அது? அன்றைய பிரசங்கத்தில் ஒரு வரிகூட என் காதில் விழவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க இணையத்தில் மின்சாரக் கார்க்காரர்கள் கூடிப் பேசும் இடமே கதியென்று கிடந்தேன். கம்பெனி கொடுத்த பதினெட்டு அங்குலச் சக்கரம் தாத்தாக்களுக்கானது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். ஆண்மகனுக்கு இருபத்தொன்று வேண்டும். சக்கரம் பெரிதானால் டயர் மெலிந்துதானே ஆக வேண்டும். அது ரப்பர் வளையல் போலச் சக்கரத்தைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் மாற்றிக் காரைத் தரையோடு தாழ்த்த வேண்டும். அரிசோனாவிலிருந்து ரிக் என்று ஒருவர் எல்லோருக்கும் குருவாக இருந்தார். "குலுங்குமா?" என்று நான் பயந்து பயந்து கேட்டதற்கு, "சொகுசு வேணும்னா சோபாவுல உக்காருங்க" என்று பதில் எழுதினார். பாலைவனமான அரிசோனாவில் பனி உறைந்து ரோடு வெடிக்காது என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. பள்ளியில் பூகோளத்தில் நான் முதல் மாணவன்.

என் மனைவி மார்லிஸ் வீடு விற்றுக் கொடுக்கும் தரகர். சனி, ஞாயிறுகளில் வீடு பார்க்க வருகிறவர்களை என் காரில்தான் அழைத்துப் போவாள். பட்டாணி சூப் ஆறிக்கொண்டிருக்க, பாட்டரி கனத்தால் மின்சாரக் காருக்கு எடை அதிகம், டயர் அந்தப் பாரத்தைத் தாங்கும் ரகமாக இருக்க வேண்டும் என்றெல்லாம் அவளுக்கு விளக்கினேன்.

"எல்லாம் சரி. இப்ப இருக்கற டயர் தாங்கலையா?"

"தாங்குது. ஆனா நிக்கறப்ப பாக்க நல்லா இல்ல."

"நாம நின்னுக்கிட்டா போறோம்?" என்றாள்.

பிப்ரவரிக் கடைசியில் பக்கத்து ஊரான ஹாலந்திலுள்ள ஒரு கடையில் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு வந்தேன். கறுப்புச் சக்கரங்கள். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழையாது. பக்கத்து வீட்டு டுவேன், பள்ளியில் என்னோடு படித்தவன், பனி தள்ளும் மண்வெட்டியோடு வந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"டேய் கெரிட், டயர் எங்கடா? கழட்டின எடத்துலயே விட்டுட்டு வந்துட்டியா?"

"இருக்கு பாருடா. மெல்லிசா."

"அது டயரா? நான் பெயிண்ட்டுன்னு நெனச்சேன்."

முதல் நாள் மார்லிஸைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டினேன். "பாத்தியா, இப்பதான் ரோடு நம்மகிட்ட பேசுது" என்றேன்.

"பேசுது, பேசுது. என் இடுப்புகிட்ட கெட்ட வார்த்தையில பேசுது."

ஒரு சார்ஜில் ஓடும் தூரமும் குறைந்துபோனது. இப்போது சிகாகோவுக்குப் போகலாம்; போய்ச் சேரும்வரை மீட்டரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குளிர்தான் காரணம் என்று சொல்லி வைத்தேன். அடுத்த சனிக்கிழமை மார்லிஸ் வீடு காட்டப் போனவள் சீக்கிரமே திரும்பி வந்து சாவியை மேசை மேல் போட்டாள்.

"என்ன ஆச்சு?"

"ரெண்டாவது வீட்டுக்குப் போறப்பவே பின்னாடி இருந்த அம்மா, வீடெல்லாம் வேணாம், எங்களை எங்கயாவது எறக்கி விடுங்கன்னுட்டாங்க. நீ ஒரு தடவை பின் சீட்டுல உக்காந்து பாரு கெரிட்."

"ஓட்டறவன் எப்படிப் பின்னாடி உக்கார முடியும்?" என்று கேட்டேன். பெரிய தர்க்க சாஸ்திரி என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பு.

மார்ச்சில் பனி உருகியது. எங்கள் பக்கத்து ரோடுகள் வருஷா வருஷம் அந்த மாதத்தில்தான் குழி விழுந்து வாயைத் திறக்கும். அதே மாதத்தில்தான் கிராண்ட் ஹேவனில் கார்ப் பைத்தியங்களின் அந்த வருஷத்து முதல் சந்திப்பும். காரைக் கழுவித் துடைத்து, எடையைக் குறைக்க வேண்டும் என்று ரிக் சொல்லியிருந்ததால் டிக்கியிலிருந்து காற்றடிக்கும் பம்ப், டயர் ஓட்டை அடைக்கும் மருந்து எல்லாவற்றையும் எடுத்து ஷெட்டில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். மாற்றுச் சக்கரம் இந்தக் காருக்கு முதலிலிருந்தே கிடையாது. கிராண்ட் ஹேவனில் நல்ல பாதாம் ரொட்டி கிடைக்கும் என்பதால் மார்லிஸும் வந்தாள்.

பாதி வழியில் எனக்கு இடது விலாவுக்குக் கீழே சுருக்கென்றது. சீட் பெல்ட் இறுக்கம் என்று தளர்த்திவிட்டேன். கொஞ்ச தூரம் போவதற்குள் வலி முதுகைச் சுற்றிக்கொண்டு அடிவயிற்றுக்கு இறங்கியது. சட்டை நனைந்துவிட்டது. காரை ஓரம் கட்டி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தேன்.

"கெரிட்! நெஞ்சா?"

"இல்ல... கீழ. அப்பாவுக்கு வந்த மாதிரி. கிட்னி கல்லு."

என்னால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. மார்லிஸ் என்னைப் பின் சீட்டில் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரியை நோக்கி ஓட்டினாள். வாங்கிய நாளிலிருந்து என் காரின் பின் சீட்டில் நான் படுத்தது அன்றைக்குத்தான்.

ரோட்டில் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்களே, அந்தப் பெயிண்டின் கனம் எவ்வளவு என்று இப்போது எனக்குத் தெரியும். பாலத்தின் இணைப்பு ஒவ்வொன்றும் விலாவில் உதைத்தது. நான் மண்டி போட்டுப் பார்த்தேன், சீட்டைக் கட்டிப் பிடித்துப் பார்த்தேன், இதுவரை எந்தச் சர்ச்சிலும் கேட்காத ஜெபங்களைச் சொல்லிப் பார்த்தேன்.

"மெதுவா போ!"

"மெதுவாத்தான் போறேன். முப்பதுதான்."

"ஐயோ... இது என்னது?"

"இதுவா? ஒட்டுப் போட்ட எடம்."

"யாரு இப்படி ஸ்பிரிங் போட்டது!" என்று கத்தினேன். வேறு எவனோ போட்ட மாதிரி.

மார்லிஸ் சிரிக்கவில்லை. பின்னால் கை நீட்டி என் தோளைத் தொட்டாள். அந்த நேரம் பார்த்து, தண்ணீர் தேங்கி நின்ற சாதாரணக் குட்டை என்று நினைத்தது, ஆழமான குழியாக இருந்தது. டமார். ஒரு முழு விநாடி சீட்டை விட்டு மேலே இருந்தேன். இறங்கியபோது கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து கரகரவென்று உரசிக்கொண்டு நின்றது. முன் டயர் வெடித்து, கறுப்புச் சக்கரம் கடித்துவைத்த பிஸ்கட் மாதிரி ஒரு ஓரத்தில் வளைந்திருந்தது.

"பம்ப் எங்க?" என்றாள் மார்லிஸ்.

"ஷெட்டுல."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வார்த்தை போதாது.

ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். மார்லிஸ் டுவேனைக் கூப்பிட்டாள். அவன் துருப்பிடித்த பிக்கப் டிரக்கோடு வந்து இறங்கி, சாய்ந்து கிடந்த காரையும், அதன் கதவருகே நாலு காலில் நின்ற என்னையும் பார்த்தான். கேலி செய்வான் என்று காத்திருந்தேன். அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு பெப்பர்மிண்ட் எடுத்து என் வாயில் போட்டான். சர்ச்சில் நீளமான பிரசங்கத்துக்கு என்று எல்லோரும் வைத்திருப்பது.

"எந்திரிடா. என் வண்டி அசிங்கமாத்தான் இருக்கும். கண்ண மூடிக்க" என்றான்.

அந்த டிரக் குழிகளில் இறங்கி ஏறியது. ஆனால் தொட்டில் மாதிரி ஆடியதே தவிர, உதைக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. வலியால் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள்: "வலி ஒன்னுலேந்து பத்துக்குள்ள எவ்வளவு இருக்கும்?"

"கார்ல இருந்தப்பவா, இப்பவா?"

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், கல் சின்னதுதான், வெகுவாகக் கீழே இறங்கிவிட்டது, தண்ணீர் குடித்தால் தானே போய்விடும் என்றார். "இன்னிக்கு ஏதாவது ஓடினீங்களா, குதிச்சீங்களா?"

"குதிச்சாரு டாக்டர், நாலு சக்கரத்தோட" என்றாள் மார்லிஸ். அப்போதுதான் சிரித்தாள். "பின்னாடி நீ கத்தறப்போ எனக்கு என்ன ஆச்சு தெரியுமா?" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை கல் போய்விட்டது. வசந்தம் முடியும்வரை மார்லிஸ் சர்ச்சில் எல்லோரிடமும், அந்தச் சக்கரத்தால் கெரிட்டுக்கு வைத்தியச் செலவு மிச்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பழைய ஸ்பிரிங்குகள் கராஜில் இருந்தன. திரும்ப மாட்டச் சொன்னேன். சக்கரமும் பழையபடி பதினெட்டு. டயருக்கு மட்டும் நாலு கடை ஏறி இறங்கி, பாரம் தாங்குகிற, பக்கச் சுவர் தடித்த, சத்தம் குறைந்த ரகமாகப் பார்த்தேன். ஒவ்வொரு கடையிலும் அதே டயர் போட்ட ஒரு வண்டியைக் கேட்டு வாங்கி, மார்லிஸை ஓட்டச் சொல்லிவிட்டு நான் பின்னால் ஏறிக்கொண்டேன். "பாக்கறதுக்கு எது சார் புடிச்சிருக்கு?" என்று ஒரு கடைக்காரர் கேட்டார். "நான் பாக்கல, படுத்துப் பாக்கறேன்" என்றேன். அவர் மார்லிஸைப் பரிதாபமாகப் பார்த்தார்.

நடந்ததையெல்லாம் இணையத்தில் எழுதினேன். "அப்படின்னா ரோட்டை மாத்துங்க" என்று ரிக் பதில் போட்டார். மின்னசோட்டாவிலிருந்து ஒருவர் இருபத்தொரு அங்குலம் போடலாமா என்று கேட்டிருந்தார். முதலில் பின் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள் என்று எழுதினேன். எடையைக் குறைக்கப் பின் சீட்டைக் கழற்றிவிட்டேன் என்று எழுதினார் அவர். இரண்டு மாதம் முன்னால் நானே சொல்லியிருக்கக்கூடிய பதில்தான் அது.

மிச்சம் மூன்று கறுப்புச் சக்கரங்கள். மூன்று சக்கரத்தை யார் வாங்குவார்கள்? விளம்பரம் போட்டால், "நாலாவது எங்கே?" என்று கேட்கிறார்கள். உண்மையைச் சொன்னதும் போனை வைத்துவிடுகிறார்கள். டுவேன் மட்டும் ஒன்றைக் கேட்டு வாங்கிப்போய்ச் சுவரில் அடித்து, தோட்டத்து ரப்பர் குழாயை அதில் சுற்றி வைத்திருக்கிறான். தக்காளிக்குத் தண்ணீர் விட்டபடியே நேற்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டான்.

"டேய், நல்ல சாமான்டா இது. இன்னொன்னு தர்றியா? பின்பக்கமும் ஒரு குழாய் இருக்கு."

எடுத்துக் கொடுத்தேன். தூக்கினால், எடையைக் குறைக்க ஷெட்டில் விட்டுப்போன பம்பைவிட நல்ல கனம்.