கூரையிலிருந்து ஒழுகும் இசை

மனித இனம் இதுவரை உருப்படியாகச் செய்த காரியங்கள் இரண்டே இரண்டு. ஒன்று, நெருப்பு மூட்டக் கற்றது. மற்றொன்று, ஜாஸுக்கும் ராக்குக்கும் ஜப்பானில் கல்யாணம் செய்துவைத்தது.

இதைச் சொன்னவன் முரோதா. மூன்றாம் ஆண்டு மாணவன், கிதார்க்காரன், ஹமாமட்சு நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில், ஜாஸும் ராக்கும் கலந்த ஃப்யூஷன் இசைக்கான கழகத்தின் தலைவன். சொன்ன ஆண்டு 1986. சொன்ன இடம், உடற்பயிற்சிக் கூடத்து மாடிப்படிக்கு அடியில் இருந்த கழக அறை. சொன்னபோது அவன் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. டிரம்ஸ் வாசிக்கும் முதலாண்டுப் பையன் அதை நோட்டில் எழுதிக்கொண்டான்.

"ஃப்யூஷன் அமெரிக்காவுலதானே சீனியர் ஆரம்பிச்சுது?" என்று கேட்டான்.

"அங்க நடந்தது நிச்சயதார்த்தம். பந்தி போட்டது இங்கதான்."

கீபோர்டை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்த இவாகிரி நிமிர்ந்து பார்த்தாள். அவளும் மூன்றாம் ஆண்டுதான். வகுப்பு இல்லாத நேரத்தில் ஸ்டேஷன் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் காய்கறி அடுக்குகிறவள்.

"பந்தியில மிஞ்சினது எங்க கடைக்கு வந்துருச்சு. வெங்காயத்தாள் பக்கம் வந்து நின்னு கேளு. நீ தலையில வெச்சுக் கொண்டாடுற அதே கிதார் கார்டு வரிசை, அதே மாதிரி குதிக்கிற பேஸ் கிதாரு. யாரோ நம்ம மாதிரி ஆளுதான் போட்டிருக்கான்."

முரோதா கண்ணை மூடிக்கொண்டான். கடையில், லிஃப்ட்டில், பல் டாக்டர் அறையில், டிவியில் வானிலை சொல்லும்போது பின்னால் ஓடுகிற எல்லாவற்றுக்கும், கடைக் கூரையில் பதித்த ஸ்பீக்கரை நினைத்து, அவன் வைத்திருந்த பெயர் கூரைப் பாட்டு.

"கூரையிலேர்ந்து ஒழுகுறதெல்லாம் சங்கீதம்னா, என் ரூம்ல மழை பெய்யிற அன்னிக்கெல்லாம் கச்சேரிதான். இசைன்னா உக்காந்து கேக்கணும். முள்ளங்கி பொறுக்கிக்கிட்டே கேக்கக் கூடாது."

இப்படி உட்கார்ந்து கேட்கிறவர்கள்தான் கழகத்துக்கு இப்போது தேவைப்பட்டார்கள். நவம்பர் கல்லூரி விழாவில் நிகழ்ச்சி முடியும் நேரத்தில் நாற்காலிகளில் முப்பது பேராவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாடிப்படி அறை ராமென் நூடுல்ஸ் ஆராய்ச்சிக் கழகத்துக்குப் போய்விடும். மாணவர் குழுவின் முடிவு அது. ராமென்காரர்கள் ஏற்கெனவே இரண்டு முறை வந்து, அடுப்பு எங்கே வைக்கலாம் என்று சுவரை அளந்துவிட்டுப் போயிருந்தார்கள்.

முரோதா கவலைப்படவில்லை. அவனிடம் 'தென்காற்று, நான்காம் பாகம்' இருந்தது. முதல் மூன்று பாகங்களை அவன் எழுதவில்லை. பதினான்கு நிமிடப் பாட்டு, நடுவில் அவனுடைய தனி வாசிப்பு. அதை மட்டும் ஒத்திகையில் வாசிக்க மறுத்துவிட்டான்.

"ஒரு நாள் விடியக்காலைல தானா வந்துச்சு. மூணு தட்டு மெட்டு. அழுதுட்டேன். அது மேடையிலதான் பொறக்கணும்."

"பொறக்கட்டும், நல்லபடியா பொறந்தா சரி," என்றாள் இவாகிரி.

விழா நாளன்று மதியம் இரண்டு மணிக்கு நாற்பத்தோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாகிசோபா என்கிற வறுத்த நூடுல்ஸ் தட்டுடன் அக்கம்பக்கத்து அம்மாக்கள், குழந்தைகள், பியானோ தொழிற்சாலையில் வேலை பார்க்கிற நாலைந்து ஆண்கள். மாணவர் குழுவின் சார்பில் தலை எண்ண வந்திருந்த கசாய், மடியில் அட்டையும் கையில் பென்சிலுமாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். ஏழு நிமிடம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. தொழிற்சாலைக்காரர் ஒருவர் தாளத்துக்கு முழங்காலில்கூடத் தட்டினார்.

பிறகு முரோதா கையை உயர்த்தினான். மற்றவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். அவன் கிதாரின் அலங்கார ஒலிகளையெல்லாம் அணைத்துவிட்டு, வெறும் தந்தியில், மெதுவாக, அந்த மூன்று தட்டு மெட்டைத் தொடங்கினான். கிதார்க்காரர்களுக்கே உரிய வேதனை முகத்துடன் கண்களை மூடிக்கொண்டான்.

முதல் வரிசை அம்மாள் ஒருவர் தட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். பக்கத்தில் இருந்தவர் மகனின் தொப்பியைச் சரிசெய்து, "வா வா, மூடப் போறாங்க," என்றார். தொழிற்சாலைக்காரர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார்கள். யாருக்கும் கோபம் இல்லை, அவசரமும் இல்லை. மேடைக்கு லேசாகத் தலை வணங்கிவிட்டு, வரிசை கட்டி நகர்ந்தார்கள். ஒரு பெரியவர் கசாயிடம், "வெளிய போற வழி இந்தப் பக்கந்தானே தம்பி?" என்று கேட்டார். கசாய் காட்டிவிட்டு, பென்சிலால் அடித்து எழுதிக்கொண்டான். முப்பத்தாறு. இருபத்தொன்பது. இருபத்திரண்டு.

முரோதா கண்ணைத் திறந்தான். எல்லோரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். எழுந்து நின்று மரியாதை செய்வார்கள் என்று அவன்கூட எதிர்பார்த்திருக்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அவன் பார்த்துக்கொண்டிருப்பது முதுகுகளை.

இவாகிரி அவன் காதருகே வந்தாள். "டேய், அது கடை மூடுற பாட்டு."

"நான் எழுதினது."

"தெனமும் எட்டு மணிக்கு எங்க கடைக் கூரை இதைத்தான் எழுதுது. நாடு பூரா எல்லாக் கடையும் எழுதுது, கேட்டதும் ஜனங்க தானா கெளம்பிடுறாங்க. நீ எங்க கடையிலதானே முட்டை வாங்குற?"

அவன் எட்டு மணிக்குத்தான் முட்டை வாங்குவான். விரல்கள் தந்தியிலேயே நின்றுவிட்டன. காலியான நாற்காலிகளுக்கு நடுவே ராமென் கழகத்தின் தலைவன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, நிதானமாக, மனதுக்குள் அடுப்பை இறக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

"ரூம் வேணுமா, மானம் வேணுமா? சீக்கிரம் சொல்லு," என்றாள் இவாகிரி. பதிலுக்குக் காத்திருக்காமல் கீபோர்டுக்குப் போய்க் கையை வைத்தாள். காலை பத்து மணிக்குக் கதவு திறந்ததும் வெங்காயத்தாள் பக்கம் ஓடுகிற பாட்டு அது. பளிச்சென்று, யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டதுபோல இருந்தது. தினமும் அந்தக் கடை வழியாக வந்துபோகிற பேஸ்காரனும் இரண்டாவது சுற்றில் சேர்ந்துகொண்டான். டிரம்ஸ் பையன் முரோதாவின் முகத்தைப் பார்த்தான்.

தலைவன் நான்கு தட்டு யோசித்தான். ஐந்தாவது தட்டில் அவன் இடது கை அவனைக் கேட்காமலே சரியான கார்டைப் பிடித்தது. அடுத்ததையும் பிடித்தது. ஒன்றுகூடப் புதிது இல்லை. முதலாண்டு மாணவர்களுக்கு அவனே கரும்பலகையில் எழுதிப்போட்டுச் சொல்லிக்கொடுத்த அதே வரிசை.

வாசலில் தொப்பிக்காரச் சிறுவனின் அம்மா நின்றார். கால் நின்ற பிறகுதான் அவர் திரும்பிப் பார்த்தார்.

"என்னங்க, இன்னும் தொறந்துதான் இருக்கு போல."

"அதானே பாத்தேன், மணி ரெண்டே கால்தானே ஆகுது."

திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். தொழிற்சாலைக்காரர்கள் வந்தார்கள். பக்கத்துக் கூடாரத்தில் யாகிசோபாவுக்கு நின்றுகொண்டிருந்த மூன்று பெண்கள், ஏன் என்று தெரியாமலே வந்து உட்கார்ந்தார்கள். வெளியே போகிற வழி கேட்ட பெரியவர், உள்ளே வருகிற வழி கேட்டுக்கொண்டு வந்தார். கடைசிக் கார்டு அடங்கியபோது கசாய் பென்சில் முனையால் தலைகளை எண்ணினான். முப்பத்திமூன்று. மறுபடி எண்ணினான். முப்பத்திமூன்றுதான். ராமென் தலைவன் உட்கார்ந்திருந்ததால் அவனையும் சேர்க்க வேண்டியதாயிற்று.

"ரூம் உங்களோடதுதான். கடைசியா வாசிச்சது நல்லாருந்துச்சு. யார் எழுதினதுங்க?" என்று கேட்டான் கசாய்.

முரோதா ஆம்ப்ளிஃபையர் மேல் பொத்தென்று உட்கார்ந்தான். மூன்று வாரமாக உள்ளே பிடித்துவைத்திருந்த மூச்சு ஒரு வழியாக வெளியே வந்தது. கவலைப்படவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு அவ்வளவு மூச்சு எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

"தெரியல," என்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது. டிரம்ஸ் பையன் அதையும் எழுதிக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்கு, இவாகிரிக்கு வேலை இல்லாத நாளாகப் பார்த்து, முரோதா அந்த சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனான். கூடையில் முட்டை இருந்தது. வாங்க வந்தது அது மட்டும்தான். ஆனாலும் காய்கறிப் பக்கம் திரும்பி, கை நீள வெங்காயத்தாள் ஒன்றை எடுத்து, வெள்ளைத் தண்டை இடது கையில் பிடித்தான். கூரையில் பேஸ் குதிக்கும் இடம் வந்தது. அவன் விரல்கள் தண்டின் மேல் அடுத்த கார்டுக்கு மாறின. பாட்டு முடிந்து, திரும்பவும் முதலிலிருந்து தொடங்கியது.

முள்ளங்கி பொறுக்க வந்த அம்மாள் ஒருவருக்கு வழிவிட்டு, முரோதா கூடையைத் தரையில் வைத்தான்.