எட்டு மணி மூன்று நிமிடம்

மோகனப்பிரியாவுக்கு அன்று ஒரே கவலைதான். ரஞ்சன் இன்னும் ஓட்டுப் போட வரவில்லை. சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தள வாக்களிப்பு நிலையத்தில் அவளுக்கு வாசல் பணி. கைப்பேசியைக் காலையிலேயே பூட்டி வைத்தாயிற்று. மாலை மணி ஏழரை; எட்டுக்கு வாக்களிப்பு முடிந்துவிடும்.

அவள் கணவர் ரஞ்சனுக்குப் போன வருடம்தான் குடியுரிமை கிடைத்தது. பதினெட்டு வருடம் நிரந்தரவாசியாக இருந்த மனுஷன், முதல் ஓட்டுக்கென்று புதுச் சட்டையே எடுத்திருந்தார். வாக்காளர் அட்டையைப் படித்தாரா என்றால், படித்திருந்தால் அவர் ரஞ்சனே இல்லை.

சரியாக எட்டு மணிக்கு வாசலில் கயிற்றைக் கட்டினாள். அதற்குள் உள்ளே வந்துவிட்டவர்கள் மட்டும் போடலாம். அடுத்த நிமிடமே சீருடையோடு ஒரு பஸ் டிரைவர் ஓடி வந்தார்.

“ஒரு நிமிஷம்தான் லா.”

“மன்னிக்கணும் சார், நேரம் முடிஞ்சிடுச்சு.”

அவர் முணுமுணுத்துக்கொண்டு அங்கேயே நின்றார். எட்டு மணி மூன்று நிமிடத்துக்கு ரஞ்சன் வந்தார், நெற்றி நிறையத் திருநீறோடு. முதல் ஓட்டாயிற்றே என்று தேக்கா கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டுச் சாவகாசமாக ரயிலேறி வந்திருக்கிறார்.

“என்ன பிரியா, அதுக்குள்ள அடைச்சிட்ட? பத்து மணி வரைக்கும்தானே?”

அவளுக்குப் புரிந்துவிட்டது. 2020 தேர்தலில், கொரோனா நேரத்தில், வரிசை நீண்டுபோய் அந்த ஒரு நாள் மட்டும் பத்து மணி வரை நீட்டித்தார்கள். அன்று அவள் ஓட்டுப் போடப் போனபோது துணைக்கு வந்தவர் அதையே சட்டமாக மனத்தில் முடிந்து வைத்திருக்கிறார்.

டிரைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே இன்னும் நாலு பேர் நின்றார்கள். ஐந்தாவதாக ஒருவர் சேர்ந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அவள் கை கயிற்றின் மேல் இருந்தது.

“மன்னிக்கணும் சார், நேரம் முடிஞ்சிடுச்சு.”

கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவரை ‘என்னங்க’ என்பதைத் தவிர வேறு சொல்லி அவள் அழைத்ததில்லை. ரஞ்சனின் முகம் சுண்டிப்போனது. டிரைவர் நடையைக் கட்டினார்.

பணி முடிந்து அவள் வெளியே வந்தபோது ரஞ்சன் கல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவள் அருகில் போய் நின்றாள்.

“ஓட்டுப் போடலைன்னா வாக்காளர் பட்டியல்லேர்ந்து பேரை எடுத்திடுவாங்க. காரணம் எழுதிக் கொடுத்துத் திரும்பச் சேர்க்கணும்.”

“எழுதுவோம். கோபம்தான் இன்னும் போகல.” கொஞ்ச தூரம் நடந்தபின் சொன்னார்: “நீ திறந்திருந்தா நான் உள்ள வந்திருப்பேன் பிரியா. யோசிச்சிருக்கவே மாட்டேன்.”

“அந்த டிரைவர் மட்டும் அங்க நிக்கலைன்னா, நானும் திறந்திருப்பேங்க” என்றாள்.