முகமூடிக்காரனிடம் அடி வாங்குகிறவன்

அந்தத் தெருவில் அவனைப் பல்டி என்றுதான் கூப்பிடுவார்கள். சினிமாவில் கீழே விழுவது அவன் வேலை. கதாநாயகன் கையை வீசுவான். முஷ்டி கன்னத்தைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிப் போகும். பல்டி தலையைத் திருப்பி, காலை உதறி, கண்ணாடிக் கதவையோ காய்கறி வண்டியையோ உடைத்துக்கொண்டு பறப்பான். அடி எவ்வளவு பலமானது என்று முடிவு செய்வது விழுகிறவன்தான். அந்தத் தொழிலில் எல்லோருக்கும் இது தெரியும், வெளியே சொல்ல மாட்டார்கள். விழும்போது கேமராவுக்கு முகம் காட்டவும் கூடாது. முகம் பதிந்துவிட்டால் அடுத்த காட்சியில் வேறொரு ரவுடியாக வந்து அடி வாங்க முடியாது.

அந்த வருடம் சக்கைப்போடு போட்ட முகமூடிப் படத்தில் அவன் முதல் பாதியில் பைக் திருடன், இடைவேளைக்குப் பிறகு மந்திரியின் அடியாள், கடைசிச் சண்டையில் மாடியிலிருந்து உருளும் யாரோ ஒருவன். மனைவியையும் அவளுடைய அண்ணனையும் படத்துக்குக் கூட்டிப் போனான்.

மச்சான் தெருமுனையில் செல்போன் பழுது பார்க்கிறவர். ஒல்லியான உடம்பு. கடுகைவிடச் சிறிய திருகுகளை மூச்சைப் பிடித்துக்கொண்டு கழற்றுவார். கடை வாசலில் நிறுத்தியிருந்த அவருடைய பைக் திருடு போயிருந்தது. ஸ்டேஷனில் சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைத்து, நாளைக்கு வரச் சொன்னார்கள். பல நாளைக்குப் பிறகு அவர் போவதை நிறுத்திவிட்டார். திரையில் முகமூடிக்காரன் திருடனைச் சட்டையோடு தூக்கியபோது மச்சானுக்குக் கண் கலங்கியது. தூக்கப்படுகிறவன் நான்தான் என்று சொல்ல அந்த நேரத்தில் பல்டிக்கு மனம் வரவில்லை.

திரும்பி நடந்து வரும்போது, கோர்ட் வருஷக்கணக்கில் இழுப்பதை அவன் ஒரே அறையில் முடிக்கிறானே என்று மச்சான் சொல்லிக்கொண்டே வந்தார். அவருடைய தங்கை, பல்டியின் மனைவி, மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். சீட்டை இரண்டு தடவை படிக்காமல் மாத்திரையைத் தொட மாட்டாள். ஊருக்கே தெரியாத திருடனை அவனுக்கு மட்டும் யார் அடையாளம் காட்டுகிறார்கள் என்று கேட்டாள். படத்தைப் படமாகப் பார்க்க வேண்டும் என்று அண்ணன் அவளைக் கடிந்துகொண்டார்.

அவர் அப்படிப் பார்க்கவில்லை. தெருவில் மேலும் சில வண்டிகள் காணாமல் போக, ஆண்கள் சேர்ந்து ஒரு காவல் குழு அமைத்துக் கறுப்பு டி-ஷர்ட் தைத்துக்கொண்டார்கள். பைக்கைப் பறிகொடுத்தவர் என்ற தகுதியில் மச்சானும் சேர்ந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டீ குடித்துக்கொண்டே, இந்தக் கையை வைத்துக்கொண்டு கொசுவை அடித்தால் கொசுதான் திருப்பி அடிக்கும் என்று அவரைக் கிண்டல் செய்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நிற்க பல்டியால் முடியவில்லை. அருகில் போய், சும்மா கையை வீசுங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று காதில் சொன்னான்.

மச்சான் வீசினார். பல்டி நின்றிருந்த ஸ்கூட்டரைத் தாண்டிப் பறந்து, காலி அட்டைப்பெட்டிகளின் மேல் விழுந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் ஒருவர் அதைப் படம் பிடித்திருந்தார். பொழுது சாய்வதற்குள் முன்னும் பின்னும் வெட்டப்பட்டு, பைக் திருடனுக்கு எங்கள் தெரு கொடுத்த பரிசு என்ற தலைப்போடு அது ஊரெல்லாம் சுற்றியது. விழுந்தவன் முகம் எங்கேயும் தெரியவில்லை. பழக்கதோஷம். நேரில் பார்த்த நாலைந்து பேரும் கொஞ்ச நாளில் அதைத் திருடனை அடித்த கதையாகவே சொல்ல ஆரம்பித்தார்கள். பக்கத்துத் தெருக்காரர்கள் மச்சானைத் தேடி வந்து, இன்னார் மேல் சந்தேகம், ஒரு தட்டு தட்டுங்கள் என்று கேட்டார்கள். அவர் நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பல்டி இரண்டு தடவை கடை வரை போனான். அந்த நிமிர்ந்த முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

ஒரு மதியம் படப்பிடிப்பில் இருந்தபோது மனைவி போன் செய்தாள். தண்ணீர் கேன் போடுகிற ஒருவரைப் பிடித்துவிட்டார்களாம். வண்டிகளின் பக்கத்தில் நின்றிருக்கிறார், பையில் கொத்துச் சாவி இருந்திருக்கிறது. மச்சானின் கடைக்குள் தள்ளி ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருக்கிறார்கள்.

"அண்ணன்தான் அடிக்கணுமாம், எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. போலீசுக்குச் சொல்லிட்டேன், வர்றோம்னாங்க. அவங்க வர்றதுதான் உங்களுக்குத் தெரியுமே."

கிழிந்த சட்டையும் சாய ரத்தமுமாக அவன் அப்படியே ஓடி வந்தான். ஷட்டருக்கு அடியில் குனிந்து நுழைந்தான். தண்ணீர் கேன்காரர் தரையில் உட்கார்ந்திருந்தார். யாரோ ஏற்கெனவே அறைந்து உதடு கிழிந்திருந்தது. எழுந்து வந்து கதவு திறக்க முடியாத வயதானவர்கள் கொடுத்து வைத்த சாவி என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடி அலமாரி. சுற்றிலும் தூக்கிப் பிடித்த செல்போன்கள். நடுவில் மச்சான், நெற்றியெல்லாம் வேர்வை. அவருக்கு அடிக்க ஆசையில்லை என்பது பல்டிக்குப் பார்த்ததும் புரிந்தது. பின்வாங்க இடமும் இல்லை. அடி வாங்கினால் மனிதன் பறப்பான், விழுவான், தட்டிவிட்டுக்கொண்டு எழுவான் என்று வேறு அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அதைக் காட்டியவன் பல்டிதான்.

வீடியோவில் விழுந்தது நான், அது நடிப்பு என்று சொன்னான். மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் வீடியோவை ஓடவிட்டுப் பெரிதாக்கி, முகத்தைக் காட்டு, நம்புகிறேன் என்றார். காட்ட முகம் இல்லை.

பல்டி தண்ணீர் கேன்காரருக்கு முன்னால் போய் நின்றான்.

"மச்சான், என்னை அடிங்க."

"தள்ளிக்கங்க மாப்பிள்ளை."

"நெசமா அடிங்க. நான் பறந்துட்டா அவரை என்ன வேணா பண்ணிக்கங்க."

கூட்டத்துக்கு அது பிடித்திருந்தது. அடிங்கண்ணே என்றார்கள். மச்சான் கண்ணை மூடிக்கொண்டு அடித்தார்.

கை கிளம்பியதுமே பல்டியின் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. குதிகால் எழும்பியது. இத்தனை வருடமாக அந்த உடம்புக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். பாதத்தைத் தரையில் அழுத்திக்கொண்டான். முஷ்டி கன்னத்தில் இறங்கியது. ஈரத்துணி தரையில் விழுந்த மாதிரி ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். தியேட்டரில் இதற்கு எத்தனை பெரிய சத்தம் சேர்ப்பார்கள் என்று அந்த வலியிலும் அவனுக்குத் தோன்றியது. வாயில் உப்புக் கரித்தது. விழவில்லை.

மச்சான் வலது கையைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு அம்மா என்று முனகினார்.

"இவ்வளவுதானா?" என்றார் பின்னால் நின்ற ஒருவர். யாரோ சிரித்தார்கள். செல்போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. கறுப்பு டி-ஷர்ட் ஒன்று, தான் அடிக்கிறேன் என்று முன்னால் வந்தது. அதற்குள் மனைவி ஷட்டரைத் தடதடவென்று முழுவதும் தூக்கிவிட்டாள். தெரு வெளிச்சம் உள்ளே கொட்டியது. தண்ணீர் கேன்காரரின் கையைப் பிடித்து எழுப்பி, "வழி விடுங்க" என்றாள். பறக்கிற மனிதனைப் பார்க்க வந்தவர்கள் ஏமாந்து வழி விட்டார்கள்.

வீட்டில் ஒரே பாத்திரத்து ஐஸ்கட்டியை மச்சான் கைக்கும் பல்டி கன்னத்துக்கும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள். பாத்திரத்தைப் பல்டி பக்கம் தள்ளிவிட்டு மச்சான் கேட்டார்.

"ஒருவேளை அந்த ஆளே பைக்கை எடுத்திருந்தா?"

"இருக்கலாம் மச்சான். எனக்கும் தெரியாது."

"படத்துல அந்த முகமூடிக்காரனுக்குத் தெரியுதே."

"கதை எழுதறவங்க அவன்கிட்ட முன்னாடியே சொல்லிடறாங்க."

மச்சான் வீங்கிய விரல்களைப் பார்த்தார். என் பைக் இனிமேல் வராது இல்லையா என்று கேட்டார். வராமலும் போகலாம் என்றான் பல்டி. வீங்கின முகத்தோடு அடி வாங்க விடமாட்டார்கள், அதனால் கொஞ்ச நாள் வேலை இல்லை, ஸ்டேஷனுக்கு நானும் வருகிறேன், பெஞ்சில் இரண்டு பேர் உட்காரலாம் என்றான்.

"முதல்ல அவரைப் போய்ப் பார்க்கணும்" என்றார் மச்சான்.

தங்கை அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "அவர் பேரென்னன்னு கேட்டீங்களாண்ணே? வீடு எங்கேன்னு?"

மச்சான் இல்லையென்று தலையாட்டினார்.

"நான் கேட்டேன்" என்றாள் அவள், செருப்பை மாட்டிக்கொண்டே. "வாங்க, காட்டறேன்."